ஆமிஷ் சாப்பாட்டு மேசை: மேலே அல்ல, அடியில் பாருங்கள்

ஒஹையோவுக்கு வந்து 19 வருஷம். பிழைப்பு கணினியில், கையரிப்பு மரத்தில். அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் தச்சு வேலை செய்தவர். உளியும் இழைப்புளியும் சின்ன வயதிலேயே கைக்கு வந்துவிட்டன. வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டினால் ஹோம்ஸ் கவுண்டி. அங்குள்ள ஆமிஷ் பட்டறைகளில் வேடிக்கை பார்த்தும், தெரிந்தவர்களின் மேசைகளை என் கராஜில் பழுதுபார்த்தும் கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறேன். சாப்பாட்டு மேசை பற்றி மட்டும் கேளுங்கள் என்றேன். கேட்டார்கள்.

கேள்வி (டெட்ராய்ட், புது வீட்டுக்காரர்): அண்ணா, ஆமிஷ்னா ஒரு கம்பெனியா? பார்க்கிற கடையெல்லாம் இந்தப் பேரைத்தான் போட்டிருக்காங்க.

பதில்: கம்பெனி இல்லை தம்பி, ஒரு மக்கள் கூட்டம். 1693-இல் சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பக்கத்துக் கிறிஸ்தவர்களிடையே ஒரு பிளவு வந்தது. அதில் யாக்கோப் அம்மான் என்பவரின் பக்கம் நின்றவர்களுக்கு அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறினார்கள். இன்றைக்குச் சுமார் 4 லட்சம் பேர். வீட்டில் ஜெர்மன் வட்டார வழக்கு, வெளியில் ஆங்கிலம், போக்குவரத்துக்குக் குதிரை வண்டி. மேசை நாற்காலிக்குப் பேர்போன இடங்கள் ஒஹையோவில் ஹோம்ஸ் கவுண்டி, இந்தியானாவில் எல்க்ஹார்ட், லக்ரேஞ்ச் கவுண்டிகள், பென்சில்வேனியாவில் லங்காஸ்டர்.

அடிப்படையில் விவசாயிகள். வீட்டுக்கு ஆறேழு பிள்ளைகள். ஏறக்குறைய 20 வருஷத்துக்கு ஒருமுறை ஜனத்தொகை இரட்டிக்கிறது. நிலம் இரட்டிக்குமா? பாகம் பிரிக்கக் காணி போதாமல் போனபோது பலர் பட்டறைக்கு வந்தார்கள். ஹோம்ஸ் கவுண்டியில் ஒருவர் மேசை மட்டும் செய்வார், அடுத்த சாலைக்காரர் நாற்காலி மட்டும், இன்னொருவர் மேசைக்கு அடியில் போகும் சறுக்குச் சட்டம் மட்டும். சாயமும் வார்னிஷும் வேறோர் இடத்தில். தறி ஓரிடம், சாயப்பட்டறை ஓரிடம் என்று நம் ஊரில் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

கேள்வி (அட்லாண்டா): கரண்டே இல்லாமல் கையால் செய்தது என்று சொல்லித்தானே விலையை ஏற்றுகிறார்கள்? உண்மையிலேயே கை வேலையா?

பதில்: முதல்முறை ஒரு பட்டறைக்குள் நுழைந்தபோது நானும் இழைப்புளிச் சத்தம் கேட்கும் என்றுதான் போனேன். காதில் விழுந்தது டீசல் எஞ்சின். பக்கத்துக் கொட்டகையில் எஞ்சின், தரைக்கு அடியில் நீளமான இரும்பு அச்சு, தரையில் ஓட்டை போட்டு ஒவ்வோர் இயந்திரத்துக்கும் மேலேறி வரும் பெல்ட். ரம்பமும் இழைப்பு இயந்திரமும் அதில் ஓடுகின்றன. தேய்க்கிற சாண்டருக்குக் காற்றழுத்தம்; ரப்பர் குழாய் மேலிருந்து தொங்குகிறது. வெளிச்சத்துக்குக் கூரையில் கண்ணாடி. அவர்கள் ஒதுக்குவது வெளியுலகத்துக் கம்பியில் வரும் மின்சாரத்தை, இயந்திரத்தை அல்ல. இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்தது ஒரு சபை. அந்தந்தச் சபையின் கட்டுப்பாட்டுக்கு 'ஓர்ட்னுங்' என்று பெயர். ஒரு சபை ஒப்புக்கொள்ளும் கருவியை அடுத்த சபை ஒப்புக்கொள்ளாது. அதனால் 'ஆமிஷ் இப்படித்தான்' என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

கை வேலை எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். இருபது வயதுப் பையன் ஒருவன் மேல்பலகைக்காக ஏழு பலகைகளை அடுக்கினான். ஒன்றைப் புரட்டினான், இரண்டை இடம் மாற்றினான், நான்கடி தள்ளிப் போய் நின்று பார்த்தான், திரும்பி வந்து ஒன்றைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தான். கால் மணி நேரம் போயிருக்கும். திருப்தி வந்ததும் ஏழின் மேலும் சேர்த்துச் சாக்பீஸால் ஒரு பெரிய முக்கோணம் போட்டான். பசை தடவும்போது வரிசை கலைந்தால் முக்கோணம் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ரேகை ஓடி ஒன்றாகத் தெரிகிற மேசைக்கும், கோடு கோடாகப் பிரிந்து தெரிகிற மேசைக்கும் நடுவில் இருப்பது அந்தக் கால் மணி நேரம். விலையில் ஒரு பங்கு அதற்கு.

கேள்வி (நியூஜெர்சி): கடையில் 'ஆமிஷ் ஸ்டைல்'னு எழுதியிருக்கு. நிஜமானதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: 'ஸ்டைல்' என்று எழுதியிருந்தால் அவர்களே உண்மையைச் சொல்லிவிட்டார்கள்: வடிவம் மட்டும் அப்படி. எந்தக் கவுண்டியில் செய்தது என்று கேளுங்கள். ஊர் பெயர் வராமல் சிரிப்பு வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

ஊர் பெயர் சொன்னாலும் அதோடு விடாதீர்கள். கூச்சப்படாமல் மேசைக்கு அடியில் போய்ப் படுங்கள். டார்ச் வேண்டும். முதலில் மேல்பலகையின் வெட்டுமுனை. மேலே ஓடுகிற ரேகை முனையில் மடங்கி வளைய வளையமாகத் தெரிய வேண்டும். மேலே ஒரு ரேகை, முனையில் சம்பந்தமில்லாத வேறொன்று என்றால் வினீர், அதாவது மெல்லிய மரத்தகடு ஒட்டியது. அடுத்து அடிப்பக்கம்: மேலே உள்ள அதே மரம்தானா, அங்கும் பூச்சு இருக்கிறதா? மேலே மட்டும் பூசி அடியைப் பச்சையாக விட்டால் ஈரம் ஒரு பக்கமாக ஏறி இறங்கி, பலகை தாம்பாளம்போலக் குழியும்.

மூன்றாவதுதான் முக்கியம். மேல்பலகையைச் சட்டத்தோடு எப்படிப் பிடித்திருக்கிறார்கள்? ஸ்க்ரூ போகிற துளை நீளவாக்கில் இருக்கலாம், இசட் வடிவ கிளிப் இருக்கலாம், எட்டு வடிவத் தகடு இருக்கலாம். எதுவானாலும் பலகை நகர இடம் விட்டிருக்க வேண்டும். நெடுக இறுக்கி ஸ்க்ரூ அடித்திருந்தால், செய்தவர் யாராக இருந்தாலும் வாங்காதீர்கள்.

இதைப் பணம் கொடுத்துத்தான் கற்றேன். அமெரிக்கா வந்த புதிதில், சாலையோரக் கடை ஒன்றில் 'ஆமிஷ்' பலகையைப் பார்த்து ஓக் மேசை வாங்கினேன். இரண்டாவது ஜனவரியில் ஒருநாள் ராத்திரி கூடத்தில் 'டப்' என்று சத்தம். திருடன் என்று நினைத்து ஓடிப்போய்ப் பார்த்தால், மேசையில் இரண்டடிக்கு வெடிப்பு. கவிழ்த்துப் பார்த்தேன், சுற்றிலும் பதினாறு ஸ்க்ரூ, ஒன்றுகூட அசையாது. மரம் நல்ல மரம். அடித்தவர்தான் அதற்கு மூச்சுவிட இடம் கொடுக்கவில்லை.

கேள்வி (கிளீவ்லாந்து): எங்க மேசை ஒரே பலகை, நடுவுல பிரியாது. ரெண்டு முனையிலயும் குறுக்கா ஒரு கட்டை இருக்கு. குளிர்காலத்துல அந்தக் கட்டை பக்கவாட்டுல துருத்திக்கிட்டு நிக்குது, கோடையில சரியாயிடுது. ஏமாந்துட்டோமா?

பதில்: இல்லை. சரியாகச் செய்த மேசையைத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட மாறாது. அகலவாக்கில் சுருங்கி விரியும். பட்டறைக்கு வரும் பலகையைச் சூளையில் உலர்த்தி 6 முதல் 8 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஹீட்டர் ஓடுகிற உங்கள் வீட்டில் ஜனவரியில் அது அதற்கும் கீழே இறங்கும், ஜூலையில் மேலே ஏறும். சாதாரணமாக அறுத்த சிவப்பு ஓக் ஒரு சதவீத ஈர மாற்றத்துக்கு அங்குலத்துக்கு 0.0037 அங்குலம் அசையும். மேசை 42 அங்குல அகலம், ஈர மாற்றம் 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 0.62 அங்குலம், அரை அங்குலத்துக்கும் மேல். பூச்சு ஈரத்தைத் தாமதப்படுத்துவதால் வீட்டில் பார்ப்பது இதைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் அசைவே இல்லாமல் இருக்காது.

முனையில் உள்ள குறுக்குக் கட்டையின் ரேகை பலகையின் ரேகைக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. அதனால் கட்டை அப்படியே நிற்க, பலகை மட்டும் உள்ளே போய்வருகிறது. கட்டையை நடுவில் மட்டும் இறுக்கி, இரண்டு ஓரத்திலும் நீள்துளையில் விட்டிருப்பார்கள். துருத்துவது அதனால்தான். துருத்தலைச் சகிக்க முடியாவிட்டால் அறையின் ஈரப்பதத்தை 35 முதல் 50 சதவீதத்துக்குள் வைக்க ஒரு ஹியூமிடிஃபையர் வாங்குங்கள். பசை மட்டும் போட்டுவிடாதீர்கள். போட்டவர் ஒருவரின் மேசை என் கராஜில் மூன்று மாதம் கிடந்தது.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு: கால்வாசி அறுப்பு என்று ஒன்று உண்டு, அடிமரத்தை நடுவிலிருந்து வெளிநோக்கி அறுப்பது. அதே ஓக் அப்படி அறுத்தால் பாதிக்கும் குறைவாகவே அசையும். மேலே புலிவரிபோல மின்னுகிற கீற்றுகளும் கிடைக்கும். விலை ஏறும்.

கேள்வி (சார்லட், மூன்று பிள்ளைகளின் அம்மா): எந்த மரம் எடுக்கலாம் அண்ணா? செர்ரி ரொம்ப அழகா இருக்கு. ஆனா எங்க வீட்ல அதே மேசையிலதான் சாப்பாடு, ஹோம்வொர்க், சண்டை எல்லாம்.

பதில்: ஜாங்கா என்று ஒரு சோதனை: இரும்புக் குண்டு ஒன்றைப் பாதி அளவு மரத்துக்குள் அழுத்த எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்று பார்ப்பார்கள். ஹிக்கரி 1820, ஹார்ட் மேப்பிள் 1450, வெள்ளை ஓக் 1360, சிவப்பு ஓக் 1290, வால்நட் 1010, செர்ரி 950. பிரவுன் மேப்பிளும் 950தான். பெயரில் மேப்பிள் இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். நம் தேக்குகூட ஆயிரத்தைச் சுற்றித்தான் நிற்கும். தேக்கின் பெருமை அதன் எண்ணெய்ப் பசையிலும் பூச்சி அண்டாத குணத்திலும் இருக்கிறது, கடினத்தில் அல்ல.

உங்கள் வீட்டுக்குச் சிவப்பு ஓக். இரண்டு காரணம். பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி எழுதினால் செர்ரியில் வாய்ப்பாடு அப்படியே பதியும். சாய்ந்த வெளிச்சத்தில் ஏழாம் வாய்ப்பாட்டை நானே படித்திருக்கிறேன். இரண்டாவது, ஓக்கின் ரேகை ஆழமும் சொரசொரப்புமாக இருப்பதால் கீறல் அதில் மறைந்துவிடும். வழவழப்பான மேப்பிளில் தனித்துத் தெரியும்.

செர்ரியேதான் வேண்டும் என்றால் ஒரு விஷயம். வெயில் பட்டு அது கறுத்துச் சிவக்கும், முதல் வருஷத்தில் வேகமாக. மேசையை நடுவில் பிரித்து நீட்டச் செருகும் கூடுதல் பலகைகளை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டுத் தீபாவளிக்கு எடுத்தால், மேசை ஒரு நிறம், பலகை ஒரு நிறம். முதல் வருஷம் அவற்றையும் மேசையிலேயே போட்டு வையுங்கள். நடுவில் துணியும் விரிக்காதீர்கள்.

கேள்வி (சிகாகோ): கூடுதல் பலகை எத்தனை வாங்கலாம்? கொலு சமயத்துல பதினஞ்சு பேர் வருவாங்க.

பதில்: பெரும்பாலும் ஒரு பலகை 12 அங்குலம், பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பலகைக்கு இரண்டு பேர் கூடுவார்கள். நாலு பலகைக்கு மேல் போனால் நடுவில் ஐந்தாவது கால் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நடுவில் தொங்கும். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கமும் தானாகத் திறக்கிற பல்சக்கரச் சறுக்குச் சட்டம் நல்லது. இறுகிப்போனால் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். பலகைகளை பேஸ்மென்டில் வைக்காதீர்கள். மேசை இருக்கும் அறையின் ஈரம் வேறு, அங்கே ஈரம் வேறு. விசேஷ நாளில் பொருந்தாது.

ஆமிஷ் வீடுகளில் மேசை நீட்டுவது அலங்காரத்துக்கு இல்லை. அவர்களுக்குக் கோயில் கட்டடம் கிடையாது. வழிபாடு முறைவைத்து ஒவ்வொருவர் வீட்டில் நடக்கும். நீள பெஞ்சுகளை ஒரு குதிரை வண்டியில் வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். வழிபாடு முடிந்ததும் அதே பெஞ்சுகளைத் தாங்கிகளில் ஏற்றிச் சாப்பாட்டு மேசையாக்கிவிடுவார்கள். கூட்டத்துக்கு மேசை நீட்டுவதைத் தலைமுறையாகச் செய்கிறவர்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): தோசைக்கல்லைக் கழுவி மேசை ஓரத்துல வச்சேன். காலையில பார்த்தா மை கொட்டின மாதிரி கறுப்பு வட்டம். சோப்பு போட்டும் போகலை.

பதில்: மைதான் அக்கா. உவமைக்காகச் சொல்லவில்லை. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் கறுப்பு மை செய்வார்கள் இல்லையா, கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுக்கும். ஓக் மரத்திலும் அதே துவர்ப்பு இருக்கிறது. பூச்சு தேய்ந்த இடத்தில் ஈர இரும்பை வைத்தீர்கள். ராத்திரியெல்லாம் மை காய்ச்சியிருக்கிறது.

சோப்புக்கு மசியாது, ஆக்ஸாலிக் அமிலம் வேண்டும். எவர்சில்வர் பாத்திரம் தேய்க்க நம் வீடுகளில் வாங்குகிற பார் கீப்பர்ஸ் ஃப்ரெண்ட் பொடியில் அது இருக்கிறது. ஆனால் பூச்சின் மேல் தடவினால் பளபளப்புதான் போகும். கறை இருக்கும் இடத்தில் பூச்சை உப்புத்தாளால் தேய்த்து மரத்தை வெளியே கொண்டுவந்து, கையுறை போட்டுக்கொண்டு, குழைத்துப் பூசி, பத்து நிமிஷம் விட்டு, ஈரத்துணியால் நாலைந்து முறை துடைத்தெடுங்கள். கறுப்பு கண்ணெதிரே வெளுக்கும். இரண்டு நாள் காயவிட்டு மேலே பூச்சு. பெரிய வட்டமாக இருந்தால் நீங்களே கை வைக்காதீர்கள். ஆமிஷ் மேசைகளில் பெரும்பாலும் வருவது அமிலம் கலந்து இறுகவைக்கும் கன்வர்ஷன் வார்னிஷ். அன்றாடத்துக்கு அதைவிட உறுதியான பூச்சு குறைவு. ஆனால் ஒட்டுப்போட்டால் ஒட்டுத் தெரியும்.

கேள்வி (அதே ஹூஸ்டன்): மஞ்சள் கறை? குக்கர் சூடு?

பதில்: மஞ்சள் கறை வெளிச்சத்துக்குப் பயப்படும். சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டு வெயில் படும்படி விடுங்கள், சில நாளில் மங்கும். குக்கருக்குப் பிரிமனை. ஈரமும் சூடும் சேர்ந்தால் எந்த வார்னிஷும் வெளுக்கும். சிலிக்கான் கலந்த பளபளப்பு ஸ்பிரே மட்டும் வேண்டவே வேண்டாம். பின்னாளில் புதுப் பூச்சு பிடிக்காது.

கேள்வி (பாஸ்டன்): புது மேசை ஒரே நெடி. ஒன்பது மாதக் குழந்தை விளிம்பைக் கடிக்கிறாள்.

பதில்: முன்னே சொன்ன கன்வர்ஷன் வார்னிஷ் இறுகும்போது ஃபார்மால்டிஹைடு வெளிவரும். முழுசாக இறுக ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஜன்னலைத் திறந்து வைத்து, குழந்தையை வேறிடத்தில் உட்காரவையுங்கள். இன்னும் ஆர்டர் கொடுக்காதவர்கள், பூச்சுக்குப் பிறகு பட்டறையிலேயே சில வாரம் வைத்திருந்து அனுப்பச் சொல்லுங்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் காத்திருக்கிறீர்கள், இதையும் காத்திருக்கலாம்.

கேள்வி (சியாட்டில்): பெட்டியில் வந்த 300 டாலர் மேசை எங்கள் வீட்டில் 11 வருஷமாக நிற்கிறது. பத்து மடங்கு கொடுப்பதற்கு வீம்பைத் தவிர என்ன காரணம்?

பதில்: நிற்கிறதென்றால் வைத்துக்கொள்ளுங்கள், காரணம் தேட வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வீடு மாற்றுகிறவர்களுக்கு நானே அதைத்தான் சொல்கிறேன். 200 பவுண்டு ஓக்கை மூன்றாவது மாடிக்குத் தூக்கியவர்களுக்குத் தெரியும்.

வித்தியாசம் கெட்டுப்போகும் நாளில்தான் தெரியும். மரத்தூள் பலகையில் தண்ணீர் இறங்கி உப்பிவிட்டால் அதோடு சரி. ஓர் அங்குலக் கனமுள்ள கட்டைப் பலகையைச் சுரண்டி, இழைத்து, மறுபடி பூசலாம். நாலைந்து முறை தாங்கும். கால் ஆடினால் அடியில் இருக்கும் நட்டை முடுக்கினால் போதும், போல்ட் போட்டுத்தான் மாட்டியிருப்பார்கள். ஆமிஷ் மேசை கெடாது என்று நான் சொல்லவே மாட்டேன். கெட்டால் சரிசெய்ய முடியும்.

கேள்வி (டொலீடோ): பள்ளிக்கூட வயசுப் பசங்களை வேலை வாங்குறாங்கன்னு கேள்விப்பட்டேன். மனசு ஒப்பலை.

பதில்: அவர்கள் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நிற்கிறார்கள். 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது. மரப் பட்டறைகளில் 16 வயதுக்குக் கீழே வேலை செய்யத் தடை இருந்தது. 2004-இல் சட்டத்தைத் திருத்தி, எட்டாம் வகுப்போடு நிற்கும் சமூகங்களின் பிள்ளைகளுக்கு 14 வயதிலிருந்து வழிவிட்டார்கள். பெரியவர் ஒருவரின் மேற்பார்வை வேண்டும், இயந்திரத்தை இயக்கக் கூடாது. சட்டப்படி சரி. என் அப்பாவும் 12 வயதில் பட்டறைக்குப் போனவர், என்னை அனுப்பவில்லை. இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கேள்வி (ஓய்வுபெறப் போகும் பெரியவர், பிட்ஸ்பர்க்): தம்பி, அடுத்த வருஷம் சென்னைக்கே திரும்புகிறோம். 20 வருஷ ஓக் மேசை, அதையும் எடுத்துப்போகலாமா?

பதில்: மனசு கேட்காதுதான் ஐயா. ஆனால் இங்கே 6 சதவீத ஈரத்தில் பழகிய மரம் சென்னைக் காற்றில் 13 சதவீதத்துக்குப் போகும். அதே 42 அங்குலக் கணக்கு போட்டால் ஓர் அங்குலம் விரியும். நீள்துளைகூட அவ்வளவுக்கு இடம் விட்டிருக்காது. கரையானுக்கு ஓக் தேக்குமாதிரி அஞ்சவைக்கிற மரமும் இல்லை. வண்டு துளைத்து மாவு கொட்டும் மரங்களில் அதுவும் ஒன்று. மகளோ மகனோ இங்கேயே இருந்தால் அவர்களிடம் விட்டுவிட்டுப் போங்கள். சென்னையில் ஒரு நல்ல ஆசாரியைப் பிடித்துத் தேக்கில் செய்யச் சொல்லுங்கள். செய்யும்போது மேல்பலகையை இறுக்கி ஸ்க்ரூ அடிக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கொலம்பஸ், புது மாப்பிள்ளை): இந்த வாரக் கடைசியில ஹோம்ஸ் கவுண்டி போறோம் அண்ணே. பேரம் பேசலாமா?

பதில்: சனிக்கிழமை போங்கள், ஞாயிறு எல்லாம் பூட்டியிருக்கும். ஜனவரி 6-உம் அவர்களுக்குப் பழைய கிறிஸ்துமஸ், பல பட்டறைகள் திறக்காது. மேசையைப் படம் எடுங்கள், ஆட்களை எடுக்காதீர்கள்.

பேரம் நானும் பேசிப் பார்த்தேன். 84 அங்குல மேசை. விலையைக் கேட்டதும் நம் ஊர்ப் பழக்கத்தில் 'கொஞ்சம் குறைக்க முடியுமா' என்றேன். தாடிக்காரப் பெரியவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், என்னைப் பார்த்தார், யோசித்தார். 'முடியுமே, ஒரு அடி குறைத்துக்கொள்ளுங்கள்' என்றார். கிண்டலா நிஜமா என்று முகத்தில் தெரியவில்லை. வீட்டில் அப்போது மொத்தமே நாலு பேர். 72 என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன்.